ஷிஃப்ட் ஒன் கல்லூரிக்கு டைம்டேபிள்: சால்வர் கைகொடுக்குமா?

#1 ஷிஃப்ட்_ஒன்

வணக்கம் மக்களே. சென்னையில ஒரு அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில கணிதம் நடத்துறேன். வர்ற ஜூன் செமஸ்டருக்கு டைம்டேபிள் பொறுப்பு என் தலையில விழுந்திருக்கு. "நீங்க மேத்ஸ் டிபார்ட்மென்ட்தானே, கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துடுங்களேன்"னு பிரின்சிபல் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டார்.

நிலவரத்தைச் சொல்லிடறேன். காலை ஷிஃப்ட் மட்டும்தான் நம்ம கணக்கு. 8 மணிக்கு ஆரம்பிச்சு 1 மணிக்கு முடிச்சே ஆகணும், 1.30க்கு செகண்ட் ஷிஃப்ட் பிள்ளைங்க அதே ரூமுக்கு வந்துடுவாங்க. நாளைக்கு 5 பீரியட், 6 டே ஆர்டர் (கிழமை பார்க்காம வேலை நாளை 1-ல இருந்து 6 வரைக்கும் எண்ணி மறுபடி 1-க்கு வர்ற முறை), ஆக ஒரு சுத்துக்கு 30 பீரியட். பார்ட் ஒன் மொழிக்கு ஒரே கிளாஸ் பசங்க தமிழ், இந்தி, பிரெஞ்சுன்னு பிரிஞ்சு வேற டிபார்ட்மென்ட் பசங்களோட போய் உட்காருவாங்க, அதனால எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் மொழி ஒரே நேரத்துல. என்எம்இ-யும் (வேற டிபார்ட்மென்ட்ல எடுக்கற விருப்பப் பாடம்) அப்படியே. அலைடு (துணைப் பாடம்) பேப்பருக்கு வெளி டிபார்ட்மென்ட்ல இருந்து ஆள் வரணும். லேப்புக்கு மூணு பீரியட் தொடர்ச்சியா வேணும். யுஜிசி 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, அதுக்கு மேல உள்ளவங்களுக்கு 14 மணி. இது போக கெஸ்ட் லெக்சரர்கள். அவங்கள்ல பாதிப் பேர் இன்னொரு கல்லூரியிலயும் எடுக்கறாங்க.

இன்டிஜர் புரோகிராமிங்கா (ஒவ்வொரு முடிவையும் முழு எண் மாறியா வச்சு எழுதற கணக்கு) எழுதி, அதைத் தீர்க்கற மென்பொருளான சால்வர்ல போட்டா, ஆபீஸ்ல இருக்கற சாதாரண லேப்டாப்ல தீருமா? யாராவது செஞ்சு பார்த்தவங்க இருக்கீங்களா?

#2 ஃபெட்_பிரியர்

ஃபெட் மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். எங்க ஸ்கூல்ல அதான் ஓடுது. டேட்டாவைத் தட்டிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு சார் இன்டிஜர் புரோகிராமிங்?

#3 ஷிஃப்ட்_ஒன்

ஃபெட் நல்ல சாமான்தான், மறுக்கவே இல்லை. அது வகுப்பை ஒவ்வொண்ணா எடுத்து வைக்கும், இடம் இல்லைன்னா ஏற்கெனவே வச்சதை நகர்த்திப் பார்க்கும், அப்படியே போய்க்கிட்டே இருக்கும். ஏதோ ஒரு வகுப்புல சிக்கி நின்னுட்டா, இது நடக்கவே நடக்காதா, இல்ல ராத்திரி முழுக்க விட்டா வந்துடுமான்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு வேண்டியது அந்த பதில்தான். "முடியாது"ன்னு கணக்கா காட்டினாத்தான் மேனேஜ்மென்ட்கிட்ட போய் இன்னொரு ரூமோ லேப்போ கேட்க முடியும்.

#4 சிம்ப்ளெக்ஸ்வாசி

லாரி ரூட் போடுறது எனக்குப் பிழைப்பு, ஓஎம்ஆர் பக்கம் ஆபீஸ். கல்லூரி டைம்டேபிள் அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

புத்தகத்தைத் திறந்ததும் எல்லாரும் எழுதற மாடல் இது: வகுப்பு, பீரியட், ரூம் மூணுக்கும் சேர்த்து ஒரு மாறி. இந்த வகுப்பு இந்த பீரியட்ல இந்த ரூம்ல நடக்குதுன்னா 1, இல்லைன்னா 0. ஒரு சின்ன கல்லூரி, 300 பாடவேளை, 12 ரூம், 30 பீரியட்னு வையுங்க. ஒவ்வொரு பாடவேளைக்கும் 360 இடம். மொத்த வாய்ப்பு 360-ஐ 300 தடவை பெருக்கினது, அதாவது 767 இலக்க எண். அதைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம், சால்வர் ஒவ்வொண்ணா எண்ணிப் பார்க்கறதில்லை. அதோட பிராஞ்ச் அண்ட் பவுண்ட் முறை 1960-ல ஐல்சா லேண்டும் அலிசன் டாய்கும் எழுதினது. ஒரு பெரிய கிளை முழுக்கத் தேறாதுன்னு எல்லைக் கணக்கை வச்சே வெட்டிவிடும். ஆனா 1,08,000 மாறியோட லேப்டாப் முனகும், அது உண்மை.

அதனால ரூமை மாறியில இருந்தே தூக்குங்க. வகுப்பும் பீரியடும் மட்டும் போதும், 9,000 மாறிதான் ஆகும். ரூமுக்கு பதிலா எண்ணிக்கைக் கட்டுப்பாடு வையுங்க. 60 பேருக்கு மேல உள்ள வகுப்பு ஒரு பீரியட்ல எத்தனை நடக்கலாம்? 60-க்கு மேல கொள்ளற ரூம் எத்தனையோ அத்தனை. 40-க்கு ஒரு வரி, 80-க்கு ஒரு வரின்னு இதே மாதிரி. பெரிய ரூம்ல சின்ன கிளாஸ் உட்காரலாம், தப்பில்லை. அதனால இந்த எண்ணிக்கை எல்லா அளவுக்கும் சரியா இருந்துட்டா, ரூம் ஒதுக்கீடு பின்னாடி கண்டிப்பா நடந்தே தீரும். இதுக்குப் பின்னால இருக்கறது 1935-ல வந்த ஹால் தேற்றம். ஜெர்மனியில கெரால்ட் லாஹ், மார்கோ லூபெக்கே ரெண்டு பேரும் இதே மாதிரி நேரம் தனி, ரூம் தனின்னு பிரிச்சுத்தான் இத்தாலியின் உடினே பல்கலைக்கழகத்து டைம்டேபிள் கணக்குகளைத் தீர்த்தாங்க. 2007-ல நடந்த சர்வதேச டைம்டேபிள் போட்டியில வந்த கணக்குகள் அவை.

ஒரே டிபார்ட்மென்ட்டோட லேப், ஆடியோ விஷுவல் ரூம் மாதிரி தனிப்பட்ட இடங்களுக்கு இந்த எண்ணிக்கை போதாது, தனி வரி எழுதணும். சாதா ரூமுக்கு போதும்.

அடுத்து, பார்ட் ஒன். இதைப் பலரும் தலைவலின்னு நினைப்பாங்க. சால்வருக்கு அது வரப்பிரசாதம். ஃபர்ஸ்ட் இயர் மொத்த மொழி வகுப்பையும் ஒரே நிகழ்ச்சியாக் கட்டிடுங்க. பார்ட் ஒன்னுக்கு 6 பீரியட்னா, மொத்த காலேஜுக்கும் 6 முடிவுதான். செகண்ட் இயருக்கு இன்னொரு 6. தமிழ்த் துறை ஆசிரியர்கள் ரெண்டு வருஷத்துக்கும் போகணும், அதனால அதுவும் இதுவும் ஒரே நேரத்துல வராது. இந்த 12-ஐ முடிவு பண்ணிட்டாலே மீதியில பெரும்பகுதி தானா இறுகிடும்.

#5 கடைசி_பெஞ்ச்

சார் நான் ஸ்டூடன்ட். எங்களுக்கும் ஒரு ஓட்டு உண்டா? அலைடு மேத்ஸ் எப்பவும் அஞ்சாவது பீரியட்லயே வர்றதுக்கு ஏதாவது தேற்றம் இருக்கா? 12 மணி வெயில், ரெண்டு ஃபேன்ல ஒண்ணு ஓடாது, டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன். முடியல.

ஐஐடியில படிக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் எங்களுக்கெல்லாம் ஸ்லாட்டுடானு பீத்திக்கறான். அது என்ன கதை?

#6 சிம்ப்ளெக்ஸ்வாசி

அங்க வாரத்துல சிதறிக் கிடக்கற சில மணி நேரங்களைச் சேர்த்து "ஏ ஸ்லாட்", "பி ஸ்லாட்"னு முன்கூட்டியே கட்டி வச்சிருப்பாங்க. ஒவ்வொரு பாடத்தையும் ஏதாவது ஒரு ஸ்லாட்ல போடுவாங்க. ஒரே ஸ்லாட்ல இருக்கற ரெண்டு பாடத்தை ஒருத்தன் எடுக்க முடியாது, அவ்வளவுதான் விதி. கணக்காப் பார்த்தா இது கிராஃப் கலரிங். மோதற பாடங்களுக்கு நடுவுல கோடு போட்டு, கோடு போட்ட ரெண்டுக்கும் வேற வேற கலர் கொடுக்கணும். வெல்ஷும் பவலும் 1967-லயே இந்தத் தொடர்பை வச்சு டைம்டேபிளுக்குக் கட்டுரை எழுதிட்டாங்க. தேர்ந்தெடுக்கற சுதந்திரம் பசங்களுக்கு நிறைய இருக்கற இடத்துல அது சரி. உங்க காலேஜ்ல பேப்பர் எல்லாம் ஏற்கெனவே முடிவானது, அதனால ஸ்லாட்டால பெரிய லாபம் இல்லை.

அஞ்சாவது பீரியட் அலைடுக்குத் தேற்றம் எதுவும் எனக்குத் தெரியாது தம்பி.

#7 சுவர்_சார்ட்

தேற்றம் இல்லை, ஆனால் காரணம் உண்டு. நான் பணி ஓய்வு பெற்றவன். எங்கள் கல்லூரியில் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவன். சுவர் அகலத்துக்கு சார்ட் பேப்பர், பென்சில், ரப்பர். மொழிக்கு மஞ்சள், ஆய்வகத்துக்குச் சிவப்பு. முதலில் மொழி, அடுத்து ஆய்வகம், அடுத்து அலைடு, மேஜர் பாடம் கடைசி. எது அதிகம் முரண்டு பிடிக்குமோ அதை முதலில் வைத்துவிட வேண்டும். வெல்ஷ், பவல் சொன்ன வழியும் அதிக மோதல் உள்ளதை முதலில் எடு என்பதுதான், அவர்கள் பெயரை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அலைடு ஏன் கடைசி பீரியடுக்குப் போகிறது என்றால், அலைடு எடுக்க வரும் ஆசிரியர் காலை நேரத்தைத் தன் சொந்தத் துறையின் மேஜர் மாணவர்களுக்கு வைத்துக்கொள்வார். மீந்ததைத்தான் அடுத்த துறைக்குத் தருவார். எந்தத் துறையும் இதற்கு விலக்கில்லை, கணிதத் துறை உட்பட.

இப்போது என் கேள்வி. மூத்த பேராசிரியர் ஒருவர் முதல் பீரியட் எடுக்க மாட்டார். காரணம் சொல்ல மாட்டார், கேட்கவும் முடியாது. இன்னொருவருக்கு ஐந்தாவது பீரியட் ஆகாது. இதையெல்லாம் எந்தச் சமன்பாட்டில் எழுதுவீர்கள் தம்பி?

#8 மணிக்கணக்கு

ஐயா கேட்டது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை நான் சொல்றேன். நான் கெஸ்ட் லெக்சரர். போன வருஷம் நான் இருந்த கல்லூரியில டைம்டேபிள் போட்டு முடிச்ச பிறகுதான் என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாங்க. மீந்த கட்டங்கள் எல்லாம் அதுல. முதல் பீரியட் ஒண்ணு, அஞ்சாவது பீரியட் ஒண்ணு, நடுவுல மூணு மணி நேரம் சும்மா. ஸ்டாஃப் ரூம்ல எனக்கு நாற்காலி கிடையாது, லைப்ரரியில உட்காருவேன். எனக்கு சம்பளம் எடுத்த மணிக்கு மட்டும்தான், உட்கார்ந்த மணிக்கு இல்லை.

இன்னொரு கல்லூரியில திங்கள், புதன் கிழமை எனக்கு வகுப்பு. இங்க டே ஆர்டர். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலண்டரைப் பிரிச்சு வச்சு இந்த வாரம் எது எதோட இடிக்குதுன்னு பார்த்து, யார்கிட்டயாவது கெஞ்சி பீரியடை மாத்திக்கணும். உங்க சால்வர்ல சீனியரோட "ஆகாது" கட்டாயக் கட்டுப்பாடு, எங்களோட "முடியாது" விருப்பக் கட்டுப்பாடுன்னு எழுதிடாதீங்க. அவ்வளவுதான் கேட்கறேன்.

#9 ஷிஃப்ட்_ஒன்

மேடம், நீங்க சொன்ன டே ஆர்டர் விஷயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலைமை நான் நினைச்சதை விட மோசம்.

எங்களுக்கு வாரத்துல அஞ்சு நாள் வேலை, டே ஆர்டர் ஆறு. முதல் வாரம் திங்கள் டே ஆர்டர் 1, வெள்ளி 5. அடுத்த திங்கள் 6, செவ்வாய் 1. மூணாவது வாரம் திங்கள் 5, செவ்வாய் 6, புதன் 1. இப்படியே போய் ஆறு வாரத்துல, அதாவது 30 வேலை நாள்ல, பழைய இடத்துக்கு வரும். அதுக்குள்ள ஒவ்வொரு டே ஆர்டரும் அஞ்சு தடவை வந்திருக்கும், அஞ்சும் வேற வேற கிழமை.

அப்போ திங்களும் புதனும் வேற இடத்துல இருக்கறவங்களை நான் எந்த டே ஆர்டர்ல, எந்த பீரியட்ல போட்டாலும் அஞ்சுல ரெண்டு வகுப்பு போச்சு. டே ஆர்டர் 1-ல போட்டாலும் அதே ரெண்டு, 4-ல போட்டாலும் அதே ரெண்டு. சால்வரை ஒரு வருஷம் ஓட விட்டாலும் இதுல ஒரு புள்ளி குறையாது, ஏன்னா தேர்ந்தெடுக்க அங்க எதுவுமே இல்லை.

சரி, டே ஆர்டரையே தூக்கிடலாமேன்னா அதுவும் ஆகாது. அஞ்சு கிழமை, அஞ்சு பீரியட், 25 தான் வருது, வேண்டியது 30. ஆறாவது பீரியட் வச்சா 2 மணி ஆகும், செகண்ட் ஷிஃப்ட் வாசல்ல நிக்கும். அதோட நவம்பர் மழைக்கு கலெக்டர் லீவு விட்டா டே ஆர்டர் அப்படியே நின்னு மறுநாள் தொடரும், யாரோட வகுப்பும் தனியா அடிபடாது. கிழமைக் கணக்குன்னா திங்கக்கிழமை லேப் வச்சவன் பாடு திண்டாட்டம்.

#10 ஃபெட்_பிரியர்

பாதி பாதி வச்சா என்ன? 8 மணியில இருந்து 10 வரைக்கும், அதாவது முதல் ரெண்டு பீரியட் கிழமைக் கணக்கு. 10-க்கு மேல மூணு பீரியட் டே ஆர்டர்.

#11 ஷிஃப்ட்_ஒன்

இது எனக்குத் தோணவே இல்லை. போட்டுப் பார்க்கறேன், இருங்க.

செவ்வாய், வியாழன், வெள்ளி வர்றவங்களுக்கு வாரம் ஆறு இடம் கிடைக்கும். 5 மணி பேப்பருக்கு 30 வேலை நாள்ல 25 வகுப்பு வேணும். கிழமைக் கணக்குல நாலு இடம் கொடுத்தா ஆறு வாரத்துக்கு 24. ஒண்ணே ஒண்ணு குறையுது! மீதி ரெண்டு இடத்துல 12 வகுப்பு வரும், 2 மணி பேப்பருக்கு 10 போதும். அட, பொருந்துதே. டே ஆர்டர்ல அஞ்சுல ரெண்டு போறதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்லை.

மழை லீவு வந்தா அந்தக் கிழமை வகுப்பு போகும்தான். ஆனா அது ரெண்டு பீரியடுக்கு மட்டும். லேப்புக்கு 3, 4, 5 அப்படியே டே ஆர்டர்ல நிக்கும்.

#12 கடைசி_பெஞ்ச்

10 மணி வரைக்கும் கிழமை, 10-க்கு மேல டே ஆர்டரா? சூப்பர், இனிமே லேட்டா வந்தா "சார் நான் டே ஆர்டர் பார்த்துட்டேன்"னு சொல்லிக்கலாம்.

#13 சிம்ப்ளெக்ஸ்வாசி

மணிக்கணக்கு மேடத்தோட பிரச்சினைதான் இந்த மொத்தக் கணக்கோட முடிச்சு, அதனால அதைப் பத்திக் கொஞ்சம்.

எல்லா ஆசிரியரும் எல்லா நேரமும் இருப்பாங்கன்னு வச்சுக்கிட்டா, ரூமையும் மறந்துட்டா, டைம்டேபிள் சுலபமான கணக்கு. எந்த ஆசிரியருக்கும் எந்த கிளாஸுக்கும் 30 பீரியடுக்கு மேல வேலை இல்லைன்னா 30 பீரியட்ல அடங்கியே தீரும். கோனிக் 1916-ல நிரூபிச்ச இருகூறு கிராஃப் (ஆசிரியர் ஒரு பக்கம், கிளாஸ் மறுபக்கம்னு நடுவுல கோடு போட்ட படம்) தேற்றத்துல இருந்து இது நேரா வரும், வேகமாப் போட்டும் எடுக்கலாம். ஆனா "இவர் இந்த நேரத்துல மட்டும்தான் இருப்பார்"னு ஒரு வரி சேர்ந்ததும் கதை மாறுது. 1976-ல ஈவன், இட்டாய், ஷமீர் மூணு பேரும் மொத்தமே மூணு பீரியட் இருந்தாக்கூட, ஆசிரியர் இருக்கற நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்துட்டா கணக்கு என்பி-முழுமை, அதாவது எப்பவும் வேகமாத் தீர்க்கற வழி இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத வகை, ஆயிடுதுன்னு காட்டிட்டாங்க. அந்த ஷமீர்தான் ஆர்எஸ்ஏ மறைக்குறியீட்டுல வர்ற நடு எழுத்து.

சீனியரோட "ஆகாது"வும் கெஸ்ட்டோட "முடியாது"வும் கணக்குக்கு ஒரே மாதிரிதான் கசக்கும். யாரோடதை கட்டாயமா எழுதணும், யாரோடதை விருப்பமா எழுதணும்னு சால்வருக்குத் தெரியாது. என்னைக் கேட்டா, இன்னொரு இடத்துல நிஜமாவே நிக்கறவங்க கட்டாயம், மத்தது எல்லாம் விருப்பம். பதவி அதுல வரக்கூடாது.

இன்னொரு விஷயம். கெஸ்ட்டுகளை ரெண்டா பிரிச்சுக்கோங்க. கிழமை பார்த்து வேற கல்லூரி போறவங்க ஒரு வகை. காலையில இங்க, மதியம் வேற கல்லூரி செகண்ட் ஷிஃப்ட்னு தினமும் போறவங்க இன்னொரு வகை. ரெண்டாவது வகைக்குக் கிழமையே வேண்டாம், அஞ்சாவது பீரியட் போடாம இருந்தா போதும். சால்வருக்கு ரொம்ப மலிவான கட்டுப்பாடு அது.

#14 ஷிஃப்ட்_ஒன்

சரி, இப்போ இதைப் பாருங்க. கெமிஸ்ட்ரி லேப் ஒண்ணே ஒண்ணு. மேஜர்ல ஃபர்ஸ்ட் இயருக்கு ஒரு தடவை, செகண்ட் இயருக்கு ஒரு தடவை, தேர்ட் இயருக்கு ரெண்டு தடவை. அலைடுல பிசிக்ஸ், பாட்டனி, ஜுவாலஜி தலா ஒரு தடவை. ஆக ஏழு பிராக்டிக்கல், ஒவ்வொண்ணும் மூணு பீரியட். 21 பீரியட்தானே, 30 இருக்கேன்னு ஹெச்ஓடி சொல்றார். ஆனா எப்படி வச்சாலும் ஒண்ணு வெளிய நிக்குது.

#15 சுவர்_சார்ட்

தம்பி, மூன்றாவது பீரியடைத் தொடாமல் மூன்று பீரியட் தொடர்ச்சியாக வைத்துக் காட்டுங்கள் பார்ப்போம். 1-2-3, 2-3-4, 3-4-5. எப்படி வைத்தாலும் நடு பீரியட் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்றாவது பீரியட் ஒன்றுதான். ஆறு டே ஆர்டர், ஆறு பிராக்டிக்கல். ஏழாவதுக்கு இடமே இல்லை. 21-ஐயும் 30-ஐயும் ஒப்பிட்டது உங்கள் ஹெச்ஓடி செய்த கணக்கு. ஆறு வைத்த பின் மீந்த பன்னிரண்டு பீரியடும் ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும், பிராக்டிக்கலுக்கு உதவாது.

இதற்கு சால்வர் வேண்டாம், விரல் போதும்.

#16 சிம்ப்ளெக்ஸ்வாசி

ஐயா, சபாஷ்! சால்வரும் இதையேதான் பிடிக்கும், ஆனா மாடலைச் சரியா எழுதணும். பிராக்டிக்கல் எந்த பீரியட்ல ஆரம்பிக்குதுன்னு மாறி வையுங்க. 1, 2, 3-ல மட்டும்தான் ஆரம்பிக்க முடியும். மூணாவது பீரியட்ல லேப் ஒருத்தருக்குத்தான்னு எழுதினா, மூணு ஆரம்பமும் அந்த ஒரே வரிக்குள்ள வந்துடும். ஆறு நாளுக்கும் கூட்டினா 6-க்கு மேல போகாது. அரை பிராக்டிக்கல், கால் பிராக்டிக்கல்னு பின்னத்தை அனுமதிச்சாக்கூட 7 வராது. அதனால கிளை பிரிக்கவே போகாம முதல் நொடியில "தீர்வு இல்லை"ன்னு வந்துடும்.

பிரச்சினை என்னன்னா, சால்வர் "தீர்வு இல்லை"ன்னு மொட்டையாச் சொல்லிட்டு நின்னுடும். ஆயிரக்கணக்கான வரியில எது இடிக்குதுன்னு தேடணும். ஒண்ணோட ஒண்ணு மோதற குறைந்தபட்ச வரிகளை மட்டும் பிரிச்சுக் காட்டற வசதி குரோபி, சிப்ளெக்ஸ் மாதிரி சால்வர்ல இருக்கு. இல்லைன்னா நான் எப்பவும் செய்யறது இது: ஒவ்வொரு கட்டாய வரியிலயும் ஒரு மீறல் மாறியைச் சேர்த்து, மீறினா பெரிய அபராதம் வையுங்க. அப்போ சால்வர் எப்பவும் ஏதாவது ஒரு அட்டவணையைத் தரும். கூடவே "கெமிஸ்ட்ரி லேப், டே ஆர்டர் 4, மூணாவது பீரியட், மீறல் 1"னு எழுதித் தரும். அந்த ஒரு வரியை பிரிண்ட் எடுத்துக்கிட்டு பிரின்சிபல் ரூமுக்குப் போங்க. ஒண்ணு, ஒரு அலைடு பிராக்டிக்கலை ரெண்டு பீரியடா குறைக்கணும். இல்லைன்னா இன்னொரு லேப் வேணும். எதுன்னு அவர்தான் சொல்லணும்.

#17 மணிக்கணக்கு

அபராதம்னு சொல்றீங்களே, அதை யார் முடிவு பண்றது? அஞ்சாவது பீரியடுக்கு ஒரு புள்ளின்னு வச்சா, பத்து அஞ்சாவது பீரியடும் என் ஒருத்தி தலையில விழுந்தாலும் 10 புள்ளி, பத்து பேருக்கு ஆளுக்கு ஒண்ணா பிரிச்சாலும் 10 புள்ளிதானே?

#18 சிம்ப்ளெக்ஸ்வாசி

நீங்க எந்த டிபார்ட்மென்ட் மேடம்? டைம்டேபிள் சால்வர் வாங்கற பலரும் இதைக் கேட்கறதே இல்லை.

மொத்தத்தைக் குறைன்னு சொன்னா சால்வர் அப்படித்தான் செய்யும், அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வழி இருக்கு. ஒருத்தரோட முதல் அஞ்சாவது பீரியடுக்கு 1 புள்ளி, ரெண்டாவதுக்கு 3, மூணாவதுக்கு 5, நாலாவதுக்கு 7. ஒற்றைப்படை எண்களைக் கூட்டினா வர்க்கம் வரும், பள்ளிக்கூடத்துப் பாடம். பத்தும் ஒருத்தர்கிட்ட போனா 100, ஆளுக்கு ஒண்ணுன்னா 10. மலிவானதைத்தான் சால்வர் முதல்ல எடுக்கும், அதனால இதை எழுத வர்க்கச் சமன்பாடே வேண்டாம், எல்லாம் நேர்கோட்டு வரிகளாவே இருக்கும்.

யார் முடிவு பண்றதுன்னு கேட்டீங்க. பாஸ்டன் நகரத்துல 2017-ல எம்ஐடி ஆட்கள் பள்ளிக்கூட நேரத்தையும் பஸ்ஸையும் சேர்த்து ஆப்டிமைஸ் பண்ணிக் கொடுத்தாங்க. பெரிய பிள்ளைங்களுக்குக் காலையில தூக்கம் வேணும், அதனால அவங்களுக்குத் தாமதமா ஆரம்பம். சின்னப் பிள்ளைங்க பலருக்கு முன்னாடியே ஆரம்பம். கணிதமா பிரமாதமான வேலை. டிசம்பர்ல புது நேரத்தை அறிவிச்சாங்க, பெத்தவங்க கொதிச்சு எழுந்தாங்க, அதே மாசத்துல திட்டத்தை நிறுத்தி வச்சாங்க. அந்த எடைகளை (எதுக்கு எத்தனை புள்ளிங்கறதை) வீட்டுல இருக்கறவங்ககிட்ட யாரும் சரியா பேசித் தீர்த்துக்கலை.

அதனால ஷிஃப்ட்_ஒன் சார், எடைப் பட்டியலை கோட் எழுதறதுக்கு முன்னாடியே ஸ்டாஃப் மீட்டிங்ல வைங்க. கெஸ்ட் லெக்சரர்களையும் அந்த மீட்டிங்குக்குக் கூப்பிடுங்க.

#19 சுவர்_சார்ட்

பட்டியலைக் கூட்டத்தில் வைத்தால் கூட்டம் முடியாது தம்பி. "முதல் பீரியட் ஆகாது" என்று காதில் சொன்னவர், அதை எழுத்தில் தரச் சொன்னால் பின்வாங்குவார். ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். சிலரோடு பேசிப் பாருங்கள், பாதிக் கட்டுப்பாடு தானாகவே காணாமல் போகும்.

#20 ஷிஃப்ட்_ஒன்

அப்போ சால்வர் எது? எக்செல் சால்வர்ல ஆகுமா?

#21 சிம்ப்ளெக்ஸ்வாசி

எக்செல்ல கூடவே வர்ற சால்வர் 200 மாறிக்கு மேல வாங்காது. மறந்துடுங்க. பைத்தான் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தா கூகுள் ஓஆர்-டூல்ஸ்ல இருக்கற சிபி-சாட் முதல் தேர்வு. "இந்த இடைவெளிகள் ஒண்ணோட ஒண்ணு மோதக்கூடாது"ன்னு நேராவே எழுதலாம், லேப்புக்கு ரொம்ப வசதி. நேர்கோட்டு மாடல்தான் வேணும்னா எடின்பரோ பல்கலைக்கழகத்துல உருவான ஹைஸ். ரெண்டும் இலவசம். குரோபி கல்விப் பணிக்கு இலவச உரிமம் தருது, காலேஜ் மெயில் ஐடி வேணும்.

யூனிடைம்னு முழு மென்பொருளே இருக்கு, அமெரிக்காவுல பர்டூ பல்கலைக்கழகத்துல வளர்ந்தது. 2019 சர்வதேசப் போட்டிக்கு டேட்டா அதைப் பயன்படுத்தற பல்கலைக்கழகங்கள்ல இருந்துதான் வந்தது. ஆனா மாணவர்களோட பாடத் தேவையில இருந்து தொடங்கற மென்பொருள் அது. பார்ட் ஒன், டே ஆர்டர் எல்லாத்தையும் அதுக்குப் புரிய வைக்கறதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சுடும்.

நூத்துக்கு நூறு சிறந்த தீர்வு வேணும்னு உட்காராதீங்க. எல்லைக்கும் (இதை விட நல்லா வரவே முடியாதுன்னு சால்வர் போடற கணக்கு) கையில இருக்கற தீர்வுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்ள வந்ததும் நிறுத்திடுங்க. உங்க எடைகளே குத்துமதிப்புதான்.

#22 ஃபெட்_பிரியர்

நான் ஒண்ணு கேட்கறேன். ஜூன்ல போட்டாச்சு. ஆகஸ்ட்ல ஒரு லெக்சரர் வேலை கிடைச்சுப் போயிட்டார். மறுபடி ஓட்டினா சால்வர் மொத்த அட்டவணையையும் கலைச்சுப் போட்டுடுமே? கையால போட்டதுன்னா ரெண்டு கட்டம் மாத்தினா போச்சு.

#23 சிம்ப்ளெக்ஸ்வாசி

சும்மா ஓட்டினா கலைக்கும், ஏன்னா அதுக்கு பழைய அட்டவணை மேல பாசம் கிடையாது. ஆகஸ்ட்ல குறிக்கோளை மாத்திடணும். பழைய இடத்துல இருந்து நகர்ற ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புள்ளி, மொத்தத்தைக் குறை. ஜூன்ல வந்த விடையை அப்படியே தொடக்கத் தீர்வாக் கொடுத்தா சீக்கிரமும் முடியும். மொழி வகுப்பு நகர்ந்தா அபராதத்தை ஏத்தி வைங்க, அது ஒண்ணு நகர்ந்தா மொத்த காலேஜும் நகரும்.

#24 ஷிஃப்ட்_ஒன்

அப்போ வேலையைப் பிரிச்சுக்கறேன். முதல்ல கெமிஸ்ட்ரி லேப் காகிதத்தோட பிரின்சிபல். அடுத்து 10 மணி வரைக்கும் கிழமைக் கணக்குங்கறதைக் கவுன்சில்ல கேட்கணும், ஃபர்ஸ்ட் பீரியட்ல பார்ட் ஒன் வச்சுப் பழகின தமிழ்த் துறை என்ன சொல்லுமோ தெரியலை. கெஸ்ட் லெக்சரர்களுக்கு ஒரு படிவம் அனுப்பறேன். எந்தக் கிழமை வேற இடம், செகண்ட் ஷிஃப்ட் போறவங்களா, அவ்வளவுதான் கேட்கப் போறேன். வேற ஏதாவது கேட்கணுமா?

#25 மணிக்கணக்கு

அடுத்த கல்லூரி எந்த ஏரியான்னு கேளுங்க சார். அஞ்சாவது பீரியட் இல்லைன்னா 12 மணிக்கு வெளிய வரலாம், 1.30 வகுப்புக்கு அடையாறுன்னா போயிடலாம். தாம்பரம் தாண்டின்னா பஸ், டிரெயின், திரும்ப ஷேர் ஆட்டோ, நாலாவது பீரியடும் இடிக்கும்.

#26 சிம்ப்ளெக்ஸ்வாசி

அப்போ படிவத்துல "எத்தனை மணிக்கு இங்க இருந்து கிளம்பணும்"னு ஒரே கேள்வியா வச்சுடுங்க. 11-னு எழுதினா 4, 5 ரெண்டும் கட்டாயம் மூடல். 12-னு எழுதினா 5 மட்டும் மூடல், நாலாவதுக்கு 1, 3, 5 புள்ளி. டேட்டா வந்ததும் எக்செல்லா இங்க போடுங்க, பேர் எல்லாத்தையும் எடுத்துட்டு எண் மட்டும் வச்சு. சனிக்கிழமை மாடல் எழுதித் தர்றேன்.